எவ்வளவு கடினம்?

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடிகிறது. உடல் படும் பாட்டை உழைப்பவரே எண்ணால் சொல்ல வேண்டும். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு கிடைக்கும் என்பதே அந்த விசித்திர எல்லைகளுக்குக் காரணம். பின்னர் பத்து வரையிலான வடிவம் ஒன்றும் அவரிடமிருந்தே வந்தது. அதைத் தழுவி, அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் ஓர் எளிய கணக்கை வகுத்தார்: பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்துச் சொல்லப்படும் எண்ணை, பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை.

நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. குறுந்தூர ஓட்டக்காரரிடம்தான் இடறுகிறது.

60 மீட்டரை முழு வேகத்தில் ஆறு முறை ஓடும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஓடிய நேரம் மொத்தத்தில் ஒரு நிமிடம்கூட இராது. மற்றதெல்லாம் உடலைத் தயார்செய்வதும் இடை ஓய்வும். 90 நிமிடப் பயிற்சிக்குப் பின், மூச்சு சீராகிவிட்ட வீராங்கனை "நான்கு" என்கிறார்: 360. இன்னொரு நாள் புல்தரையில் மிதவேக ஓட்டங்கள், 60 நிமிடம். வியர்த்துக் களைத்து "ஆறு" என்கிறார்: அதுவும் 360. தாளில் இரண்டும் ஒன்று, பின்தொடைத் தசைக்கு அப்படியல்ல. எண்ணை நம்பி முழுவேக ஓட்டத்தை மறுநாளே மீண்டும் வைத்தால் தசை கிழியலாம். ஒரு பருவமே கைவிட்டுப் போகலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்தான் சிக்கல். ஒடியா, மலையாளம், தமிழ் பேசுவோர் கூடும் ஒரு தேசிய முகாமில் கேள்வி இந்தியில் வருகிறது என்று கொள்வோம். "ஜோர்" எவ்வளவு என்றால் அது செலுத்திய விசை. "தகான்" எவ்வளவு என்றால் எஞ்சிய களைப்பு. முழுவேக ஓட்டத்தில் முன்னது உச்சம், பின்னது சொற்பம். ஆங்கிலத்தின் 'எஃபர்ட்' இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதில்லை. தமிழின் 'முயற்சி' மனத்தின் பக்கம் சாய்கிறது. 'சிரமம்' புகார்போல் ஒலிக்கிறது. அணியில் இடத்துக்குப் போட்டியிடுபவர் அதை எளிதில் உச்சரிப்பாரா?

"தொண்ணூறு விழுக்காடு ஓடு" என்னும் கட்டளையும் இத்தகையதே. வேகம் பொதுவாகப் பத்து விழுக்காடு குறைவதில்லை. தோளும் தாடையும் தளர, ஓட்டம் ஏறக்குறைய முழு வேகத்தை ஒட்டியே நிற்பதுண்டு. இலகு நாள் என்று எண்ணியது இலகுவாக இராது.

ஆகவே சிலர் கடிகாரத்தையும் உடன்வைத்துக்கொண்டு, மூச்சுக்கு ஓர் எண், கால்களுக்கு ஓர் எண் எனப் பிரித்துக் கேட்கிறார்கள். மறுநாள் காலை படியிறங்கும்போது கால் எப்படி இருந்தது என்று விசாரிப்பவர்களும் உண்டு. அதைத் தாய்மொழியில் கேட்டால் விடை சற்று நீளமாகவே வரும்.