“கழுவி விட்டீங்களா?”

தீபாவளி லீவில் ஊருக்கு வந்த மகள், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இடது கண்ணின் கருவிழியில் பால் சிந்தியதுபோல ஒரு மங்கல். கேட்பதற்கு முன்பே அவள் மனசு தானாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டது: 2.

அவள் வேலை அப்படி. ரசாயனங்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறாள். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் சோதிக்க வேண்டிய பொருளை 0.1 மில்லி விடுவார்கள். மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவிடுவார்கள். 1 மணி நேரம், 24, 48, 72 மணி நேரம் கழித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கருவிழி மங்கலுக்கு 0 முதல் 4 வரை. அதற்கும் ஆறாவிட்டால் 21 நாள் வரை பார்ப்பார்கள். 21 நாளிலும் சரியாகவில்லை என்றால், திரும்பாத பாதிப்பு என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள்.

“எப்பப்பா ஆச்சு?”

“அது ஆச்சு பதினெட்டு நாளு. பருத்திக்கு மருந்தடிக்கையில காத்து மாறி வீசிருச்சு. துண்டால தொடச்சிட்டு மிச்ச டேங்கையும் அடிச்சிட்டுதான் வந்தேன்.”

ராத்திரி எரிச்சல் தாங்காமல் அம்மா விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள்தான் பெரம்பலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். சொட்டு மருந்து கொடுத்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மறுபடி போகவில்லை. பருத்தி நேரம் என்றால் அந்தப் பக்கத்தில் யார்தான் போகிறார்கள்! 2017-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், சிலர் இறந்துபோனதும் செய்தியாக வந்தது. அதே பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மாலில் இன்னும் நிறையப் பேர். அதற்கு அடுத்த வருஷமும் எல்லோரும் அதே லுங்கி, அதே துண்டோடுதான் கொல்லைக்குப் போனார்கள்.

மாட்டுக் கொட்டகையில் செருகியிருந்த பாட்டிலை எடுத்து வந்தாள். அதில் நீல முக்கோணம்.

“சிவப்பு இல்லியே, நீலம்தானே. அதனாலதான் பயப்படல” என்றார் அப்பா.

அவருக்கு மட்டுமல்ல, பல பேருக்கும் இருக்கிற நம்பிக்கை இது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள், வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எவ்வளவு போனால் உயிர் போகும் என்ற கணக்கை வைத்துப் போடுபவை. கண்ணைப் பற்றி அந்த நிறம் ஒன்றும் சொல்லாது. கண்ணைப் பற்றிய வரி, பாட்டிலோடு வரும் மடித்த தாளில், பல மொழிகளுக்கு நடுவே, எறும்பு வரிசைபோல இருக்கும். அவள் செல்போன் வெளிச்சத்தில் அதைத் தேடிப் படித்தாள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

“இந்த ஒரு வரிய எழுதத்தான்ப்பா அங்க மொசல் கண்ணுல விடுறாங்க” என்றாள். இதுவரை வீட்டில் அவள் இதைச் சொன்னதில்லை. லேப் வேலை என்றால் ரத்தப் பரிசோதனை என்றுதான் அம்மா நினைத்திருந்தார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “விட்டுட்டு, கழுவி விட்டீங்களா?”

“இல்லப்பா. ஒரு நாள் வரைக்கும் பொதுவா கழுவக் கூடாதுன்னு விதி.”

“அது கண்ணக் கசக்காதா?”

முயலை இதற்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்களே அவைதான். பெரிய கண், சாதுவான பிராணி, நம்மைவிடக் குறைவாகத்தான் கண்ணீர் சுரக்கும், அதிகம் இமைக்காது. இந்த முறையை 1944-ல் வகுத்தவர் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ். அதற்கு முன்பு 1930-களில் அங்கே இமைக்குப் பூசிய ஒரு சாயத்தால் பெண்களுக்குக் கண் போனது. அந்தப் பயத்தில் வந்த சட்டம், அதன் பின்னால் வந்தது இந்தச் சோதனை. ஆக, தொடங்கியது மனுஷர் கண்ணைக் காப்பாற்றத்தான். 2012-ல் திருத்திய சர்வதேச வழிகாட்டி, முயலுக்கு முன்கூட்டியே மரப்பு மருந்தும் வலி மருந்தும் கொடுக்கச் சொல்கிறது. அப்படியென்றால் அதுவரை?

“கண் மை, ஷாம்புக்கெல்லாம் இந்தியாவுல 2014-லயே தடை பண்ணிட்டாங்கப்பா.”

“அப்ப நம்ம மருந்துக்கு?”

“அந்தத் தடை இதுக்கு இல்ல.”

வேறு வழி இல்லாமலும் இல்லை. கசாப்புக் கூடத்தில் வீணாகப் போகும் மாட்டுக் கண், கோழிக் கண்ணை வைத்துச் செய்யும் சோதனைகள் 2009 முதல் ஏற்கப்பட்டவை. மனித செல்லில் வளர்த்த கருவிழித் திசு 2015-ல் சேர்ந்தது. சில பொருட்களுக்கு எந்தச் சோதனையுமே வேண்டாம். அமில, கார அளவு 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே இருந்தால் கண்ணைக் கெடுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், முயலைத் தொட வேண்டியதில்லை.

இதை அவள் சொன்னதும் அம்மாவுக்கு அரியலூர் மாமா ஞாபகம் வந்தது. மாமா கொத்தனார். சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலைகளுமாக இருக்கிற ஊர் அது. ஈர சிமென்ட்டின் அளவு 12-க்கு மேல். காரம் என்பதால் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். போன வருஷம் பூசும்போது கலவை தெறித்து மாமா கண்ணில் விழுந்ததாம். பக்கத்தில் நின்ற சித்தாள் அம்மா ஒரு நொடி யோசிக்கவில்லை. மாமாவைப் படுக்கவைத்து, இமையைப் பிரித்துப் பிடித்து, ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து கால் மணி நேரத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மாமாவே “போதும் புள்ள” என்று கத்தியும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. இன்று மாமாவுக்குப் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டாம்.

அந்த அம்மா எந்தத் தாளையும் படித்தவர் இல்லை.

மறுநாள் காலை மகள் அப்பாவை வலுக்கட்டாயமாகக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். மருந்தை மாற்றிக் கொடுத்தார், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியபடி, “அந்த மொசல அப்புறம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். அவள் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

21-வது நாள் அவள் விடுதியிலிருந்து போன் செய்தாள்.

“கண்ணு எப்படிப்பா இருக்கு?”

“வெயில்ல கூசுது. நிழல்ல பரவால்ல. வரப்புல ஒரு குடம் தண்ணி கொண்டாந்து வெச்சிட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரன் எதுக்குடா இதுன்னு கேட்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“மொசல் கதைய சொன்னேன். அவனும் கழுவி விட்டாங்களான்னுதான் கேட்டான்.”