அக்குறணைச் சரிவில் பத்திரக்கலவை

கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியின் இருமருங்கிலும் கடைகள் நெருங்கி நிற்கும் அக்குறணையைப் பிங்கா ஓயா பெருகும்போது வெள்ளத்தில் மூழ்கும் ஊராகவே வெளியூரார் அறிவர். அவ்வெள்ளம் கலங்கிய நிறத்தில் வருவதற்கான காரணத்தைக் கடைவீதிக்கு மேலுள்ள சரிவுகளில் தேட வேண்டும். மிளகு, கராம்பு, சாதிக்காய், பலா ஆகியன கலந்து வளரும் அச்சரிவுத் தோட்டங்களில் மிளகுக்கொடி பெரும்பாலும் கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவையிலேயே படரவிடப்படுகிறது.

கொடிக்கு வெளிச்சம் கிடைப்பதற்காக அம்மரத்தின் கொப்புகளைக் கழிக்கும் தொழிலாளி, ஏணியில் நின்றபடி, கொடி சுற்றிய தண்டில் கத்தி படாமல், வெட்டுவாயில் மழைநீர் தங்காதவாறு கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து வெட்டுகிறார். மேலிருந்து வெட்டினால் கொப்பின் பாரம் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கிவிடும். ஆயினும் தொழிலின் கடினமான பாதி தரையிலேயே உள்ளது. தழையை உருவி, கொடியின் தண்டு அழுகாதிருக்கச் சற்று இடைவெளி விட்டு வட்டமாகப் பரப்பவும், பெருவிரல் தடிப்புள்ள குச்சிகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தவும் வேண்டும். மண்ணின் மேல் இவ்வாறு இடப்படும் மூடுபடையையே இலங்கை விவசாய நூல்கள் பத்திரக்கலவை என்றும் தமிழகத்தார் மூடாக்கு என்றும் குறிப்பிடுகின்றனர். மரக்கணக்கில் கூலி பேசப்படும் இடங்களில் குனிந்து செய்யும் இவ்வேலைக்குத் தனிக்கூலி இராது என்பதால், தழை விழுந்த இடத்திலேயே குவிந்துகிடக்க, குச்சி விறகாகிவிடுகிறது.

அக்குச்சியின் இழப்பு சிறிதன்று. கிளிரிசிடியாத் தழையின் உலர் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் நைதரசன் இருப்பதால் அது நல்ல பசளையே. ஆனால் அதே காரணத்தால் சில வாரங்களில் உக்கிப்போய், மழைத்துளி மண்கட்டியை உடைப்பதைத் தடுக்க அங்கு எதுவும் எஞ்சாமற் போகிறது. கழுவுண்ட மண் பிங்கா ஓயா வழியே மகாவலியை அடைந்து, வறண்ட வலயத்துக்கு நீரைத் திருப்புவதற்காக 1976இல் நிறைவுற்ற பொல்கொல்ல அணைக்கட்டில் படிகிறது.

அந்நீர் சென்றடையும் வறண்ட வலயத்தில், அதாவது ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியில், நிலைமை வேறு. அங்குள்ள செங்கபில மண் காய்ந்தால் இறுகும். மூடாத நிலத்தில் பெரும்போகத்தின் முதல் மழை மேற்பரப்பை ஏடுபோலப் படியச்செய்து நீர் உள்ளிறங்குவதைத் தடுத்துவிடும். மேட்டுநிலத்துச் சோளத்தட்டையும் நெல் வைக்கோலும் மெதுவாகவே உக்குவதால், அங்கு மூடுபடைக்குத் தழையைவிட அவையே பொருத்தமானவை. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதியும் வைக்கோலிலேயே தங்குகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது நாடு முழுவதும் பசளைக்கு அலைந்த விவசாயிகளிற் பலர் அதற்கு முந்தைய போகங்களில் வைக்கோலைக் களத்தில் எரித்தவர்களே. எரித்தால் நைதரசன் காற்றோடு போக, பொட்டாசியம் களத்துச் சாம்பலில் ஒரே இடத்தில் தேங்கிவிடும். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலிலேயே விழுகிறது என்றாலும், வரிசையாகக் குவிந்து உழவுக்கு இடைஞ்சல் தருவதால் அங்கேயே தீ வைப்போரும் உளர்; அதைச் சிதறிப் பரப்பும் ஒருநாள் வேலைக்கும், அக்குறணையிற்போலவே, கூலி கொடுக்க எவரும் முன்வருவதில்லை.