ஓட்டை போட்ட நெகட்டிவ்கள்

வாஷிங்டனில் காப்பிடல் சவுத் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடந்துபோகும் தூரம்தான். சுற்றுலா வருகிறவர்களெல்லாம் சித்திர விதானங்கள் கொண்ட ஜெஃபர்சன் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம், ஏதோ தலைமைச் செயலகம் மாதிரி நிற்கும் மேடிசன் கட்டடத்தில் அந்தக் கூட்டம் இல்லை. நான் தேடிப்போன புகைப்படப் பிரிவின் வாசிப்பு அறை அதன் மூன்றாம் தளத்தில் இருக்கிறது.

வாசகர் அட்டை இலவசம். பை லாக்கருக்குப் போகிறது. பேனாவுக்கு அனுமதியில்லை, குறிப்பெடுக்கப் பென்சில்தான். உள்ளே வரிசையாக இரும்பு கேபினட்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நாமே இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். அட்டையில் ஒட்டிய பிரின்ட்கள் சுமார் 1,07,000 இருக்கின்றன. எடுத்தவர் பெயர், ஊர், மாதம், ஆண்டு, நெகட்டிவ் எண் எல்லாம் அட்டையிலேயே தட்டச்சில் இருக்கின்றன.

இவ்வளவையும் எடுக்கச் செலவழித்தது அமெரிக்க அரசாங்கம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வாழ்விழந்த விவசாயிகளுக்கு ரூஸ்வெல்ட் ஆட்சி உதவித் திட்டங்கள் கொண்டுவந்தது. அவை ஏன் தேவை என்று நகரத்து ஆட்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் காட்ட வேண்டியிருந்தது. 1935இல் ராய் ஸ்ட்ரைக்கர் என்ற பொருளாதார ஆசிரியரை அமர்த்தினார்கள். அவர் டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ரஸல் லீ, மரியன் போஸ்ட் வோல்காட் போன்றவர்களைக் கேமராவோடு ஊர் ஊராக அனுப்பினார். ஆக, இது பிரச்சாரத்துக்காகத் தொடங்கிய வேலை. அதை மறந்துவிட்டு இழுப்பறையைத் திறக்கக் கூடாது.

ஆனால் ஸ்ட்ரைக்கர் வறுமையை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்பினார். சாயங்காலம் வீட்டில் ஜனங்கள் எப்படிப் பொழுதைப் போக்குகிறார்கள், சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. வருமானத்துக்கு வருமானம் சுவர் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

கேபினட்களில் படங்களைப் பிரித்து வைத்தவர் பால் வாண்டர்பில்ட். முதலில் வட்டாரம், அதற்குள் வீடு, வேலை, கடை, பள்ளி, வழிபாடு என்று பொருள்வாரியாக அடுக்கினார். அதனால் உலகப் புகழ்பெற்ற படமும் பெயர் தெரியாத மளிகைக் கடைப் படமும் ஒரே மரியாதையோடு நிற்கின்றன. லாங் 1936இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைத் தேடி வருகிறவர்கள், அதைச் சுற்றியுள்ள கூடாரங்களையும் தாண்டித்தான் போக வேண்டும்.

தென்மாநில இழுப்பறை ஒன்றில் என் கை நின்றது. மிசிசிப்பியின் பெல்ஸோனி ஊரில் 1939 அக்டோபரில் வோல்காட் எடுத்த படம். சினிமா கொட்டகையின் பக்கவாட்டுச் சுவரில் வெளிப்புறப் படிக்கட்டு. தொப்பி போட்ட கறுப்பினத்தவர் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் நிழலும் சுவரில் கூடவே ஏறுகிறது. கறுப்பினத்தவருக்கு அனுமதி 10 சென்ட் என்று எழுதியிருக்கிறது. கீழே ஒரு கதவில் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்ற அறிவிப்பு. சுவரில் குளிர்பான விளம்பரம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மனிதர் படம் பார்க்கப் போகிறார், அவ்வளவுதான். சட்டப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லும் நிறப்பாகுபாடு ஒரு மாடிப்படியில் அடங்கிவிடுகிறது.

அதே பாகுபாடு இந்த வாஷிங்டனிலும் இருந்தது. 1942இல் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ், அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்மணியைத் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த அம்மாளின் வீடுவரை போனதைக் காட்டும் படங்கள் அதிகம் பேசப்படவில்லை. சமையலறையில் பேரப்பிள்ளைகள், வாசல் தடுப்புக்கு இந்தப் பக்கம் வளர்ப்பு மகள், கண்ணாடி மேசையில் ஒரு தம்பதியின் சட்டமிட்ட படம். சம்பளம் ஆண்டுக்கு 1,080 டாலர் என்கிறது குறிப்பு. கொடிக்கு முன்னால் அவர் ஒரு சின்னம், சமையலறையில் ஒரு குடும்பத்தின் தலைவி.

பிறகு கணினிக்கு நகர்ந்தேன். பிரின்ட் போடாத நெகட்டிவ்களும் அதில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு படத்தின் எண்ணுக்கு முன்னும் பின்னும் நகர்த்தினால் தலைப்பில்லாத படங்கள் வருகின்றன. சிலவற்றில் ஒருவர் முகத்தின் மேலோ வயலுக்கு நடுவிலோ கன்னங்கரேலென்று ஒரு வட்டம். தனக்கு வேண்டாத நெகட்டிவ்களை ஸ்ட்ரைக்கர் அலுவலகம் ஓட்டை போட்டுக் கழித்தது. நெகட்டிவில் ஓட்டை என்றால் படத்தில் கறுப்பு. புகைப்படக்காரர்கள் சண்டை போட்ட பிறகு, 1930களின் கடைசியில் அந்த வழக்கம் நின்றது. நல்லவேளை, ஓட்டை போட்டதையும் தூக்கி எறியவில்லை. எது காட்டப்பட்டது என்பதைக் கேபினட் சொல்கிறது. எது கழிக்கப்பட்டது என்பதற்கு இந்த வட்டங்கள் சாட்சி.

சினிமாவுக்கான வாசிப்பு அறையும் இதே தளத்தில்தான். 1912 வரை அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்குத் தனி இடம் கிடையாது. அதனால் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பிரேமையும் காகிதச் சுருளில் பிரின்ட் போட்டு, புகைப்படம் என்ற கணக்கில் பதிவு செய்தார்கள். பிலிம்கள் பல மக்கிப்போயின, காகிதம் தங்கியது. அப்படிப் பிழைத்தவை 3,000 போல. அதில் ஒன்று, எடிசன் கம்பெனி 1903இல் நியூயார்க்கில் எடுத்த 'மூவ் ஆன்'. தெருவில் தள்ளுவண்டி வியாபாரம் நடக்கிறது. போலீஸ்காரர் தடியை ஆட்டிக்கொண்டு வருகிறார், வண்டிகள் நகர்கின்றன. காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அன்று அது வேடிக்கை. இன்று எனக்கு வண்டியில் என்ன விற்றார்கள், எப்படி உடுத்தினார்கள் என்பதில்தான் கண் போகிறது.

வெளியே வந்து, டியூக் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் லீ வாட்டர்ஸின் படங்களையும் பார்த்தேன். வட கரோலினாவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். பெருமந்தத்தில் தொழில் படுத்ததும், 1936 முதல் 1942 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் மில் வாசலிலும் பள்ளி வாசலிலும் ஊமைப்படம் எடுத்து, அந்தந்த ஊர்க் கொட்டகையிலேயே போட்டார். தங்கள் முகத்தைத் திரையில் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அவர் 1941இல் எடுத்த 'கன்னாபொலிஸ்' தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. அரசாங்கக் கேமரா முன் இறுகி நின்ற அதே தென்மாநிலம் இங்கே சிரிக்கிறது, வெட்கப்படுகிறது, சேட்டை செய்கிறது.

இரண்டும் உண்மைதான். அரசுக்கு வேண்டியது நிதிக்கான நியாயம், வாட்டர்ஸுக்கு வேண்டியது டிக்கெட் வசூல். படியளந்தவர் கேட்டதைத் தாண்டி ஓரத்தில் விழுந்தவையே அன்றாட வரலாறு. அரசுப் படங்களில் பெரும்பகுதி இன்று இணையத்தில் இலவசம், காப்புரிமைத் தொல்லையும் இல்லை. தேடினால் பிரபலமானவைதான் முதலில் வரும். அங்கே நின்றுவிடாமல், அதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் சொடுக்கிப் பாருங்கள்.