'ஸ்டேபிளா இருக்காரு'ன்னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்?

"பேஷண்ட் ஸ்டேபிளா இருக்காரு."

ஆஸ்பத்திரி வாசல்ல இதை நீங்க ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. கேட்டதும் "அப்பாடா, ஆபத்து இல்ல"ன்னு மூச்சு விட்டிருப்பீங்க. ஆனா நாங்க சொல்றது அது இல்ல. அதைப் பத்திதான் இந்த த்ரெட்.

சில வருஷம் முன்னாடி, ஒரு அரசு மருத்துவமனையில நைட் டூட்டி. மண்ணூர்ல ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி வேலைக்குப் போற பையன். ஷிப்ட் முடிஞ்சு வரும்போது பைக் விபத்து. ஹேண்டில்பார் வயித்துல குத்தியிருக்கு. பிபி நார்மல், பல்ஸ் கொஞ்சம் வேகம். ஸ்கேன்ல வயித்துக்குள்ள கொஞ்சம் ரத்தக்கசிவு. சர்ஜனுக்குச் சொல்லி, அட்மிட் பண்ணி, கண்காணிப்புல வெச்சோம்.

கூட வந்த அண்ணன் கேட்டார்: "சார், தம்பி எப்படி இருக்கான்?"

"இப்போ ஸ்டேபிள்"னு சொன்னேன்.

அவர் உடனே ஊருக்கு போன் போட்டார். "பயப்படாதம்மா, ஸ்டேபிளாம். காலையில பஸ் ஏறி வா, போதும்." என் காதுல விழுந்தது. நான் திருத்தல. அடுத்த கேஸ் காத்துக்கிட்டு இருந்தது.

விடியக்காலை 3 மணிக்கு பிபி சரிஞ்சது. ரத்தம் ஏத்திக்கிட்டே தியேட்டருக்குக் கொண்டு போனோம். காப்பாத்த முடியல. அம்மா வந்து இறங்கும்போது மணி 9.

அண்ணன் சண்டை போடல. "ஸ்டேபிள்னுதானே சார் சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

நான் பொய் சொல்லல. ஆனா அவருக்குப் புரியற மாதிரி சொல்லவும் இல்ல.

அன்னைக்கு அப்புறம் இந்த வார்த்தையைத் தேடிப் படிச்சேன். இதோட லத்தீன் வேருக்கு அர்த்தம் 'நிற்பது'. வடமொழி 'ஸ்திரம்' இதுக்கு தூரத்துச் சொந்தம். சொந்தமே இல்லாத நம்ம தமிழ்லயும் 'நில்'லில் இருந்துதான் 'நிலை' வருது. ஆக, நிக்குதுன்னுதான் வார்த்தை சொல்லுது. எங்க நிக்குதுன்னு சொல்லல. திண்ணையிலயும் நிக்கலாம், கிணத்து விளிம்புலயும் நிக்கலாம்.

அகராதியில உறுதியான, சீரான, நிலையான, மாறாதன்னு பல பொருள் இருக்கும். மருத்துவத்துல பெரும்பாலும் கடைசிப் பொருள்தான்.

புற்றுநோய் ஸ்கேன்ல 'ஸ்டேபிள்'னா கட்டி குணமாகல. குறிப்பிடும்படி வளரவும் இல்ல, சுருங்கவும் இல்ல.

'ஸ்டேபிள் ஆஞ்சைனா'ன்னா நெஞ்சு வலி ஏறக்குறைய அதே அளவு உழைப்புல வருது, ஓய்வெடுத்தா போகுது. இதய நோய் இல்லைன்னு அர்த்தமே இல்ல.

எஸ்.பி.பி. சாரை ஞாபகம் இருக்கா? 2020 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கொரோனாவோட அட்மிட் ஆனார். வென்டிலேட்டர், எக்மோ உதவியோட நிலைமை ஸ்டேபிள்னு பல நாள் அறிக்கை வந்தது. நாம எல்லாரும் கடைசி வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். செப்டம்பர் 25 அன்னைக்கு அவர் காலமானார். அந்த அறிக்கைகள்ல முக்கியமான வார்த்தை 'ஸ்டேபிள்' இல்ல, அதுக்கு முன்னாடி இருந்த 'உதவியோட'.

சரி, அந்தப் பையனுக்கு பிபி ஏன் முதல்ல நார்மலா இருந்தது? இளவயசு உடம்பு ரத்தம் போகப் போக இதயத்தை வேகப்படுத்தும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பிபியை இழுத்துப் பிடிக்கும். உடம்புல இருக்கிற சுமார் 5 லிட்டர்ல ஒன்றரை லிட்டர் போற வரைக்கும்கூட சில பேருக்கு பிபி பெருசா இறங்காது. இறங்க ஆரம்பிச்சா மளமளன்னு இறங்கும்.

இப்போ நான் 'ஸ்டேபிள்'னு சொல்லி நிறுத்துறது இல்ல. "இந்த நிமிஷம் பிபி, மூச்சு நல்லா இருக்கு. ஆனா உள்ள ரத்தம் கசியுது. ராத்திரி மாறலாம். பக்கத்துலயே இருங்க"ன்னு முழுசா சொல்றேன்.

எல்லா டாக்டருக்கும் எல்லா நேரமும் இது வாய்க்காது. அதனால நீங்க மூணு கேள்வி கேளுங்க:

1. மெஷின், மருந்து உதவியோடவா, இல்ல தானாவேவா?

2. அடுத்த சில மணி நேரத்துல எது மாறலாம்?

3. ஊர்ல இருக்கறவங்களை இப்பவே கிளம்பி வரச் சொல்லணுமா?

மூணுல ஒண்ணுதான் கேக்க முடியும்னா, மூணாவதைக் கேளுங்க. அன்னைக்கு அந்த அண்ணன் கேட்டிருந்தா, "வரச் சொல்லுங்க"ன்னுதான் சொல்லியிருப்பேன். அவர் கேக்காமலே நான் சொல்லியிருக்கணும்.