எண்ணும் வாய்மையும்

பிறர் கைக்குச் செல்லும் பொருள் யாதாயினும், செய்தோன் அதன்மேல் இடும் அடையாளம் ஒரு வாக்குறுதியேயாம். நூலின் முகப்பில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று பொறித்திருக்கக் காணின், அது முதற்பதிப்பினின்றும் வேறுபட்டதென்றும், அவ்வேறுபாடு முகவுரையிற் கூறப்பட்டிருக்குமென்றும் யாம் நம்புகின்றோம். தமிழ் ஹானர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கு இது பழகிய செய்தி. இவ்வொழுக்கம் கணினியில் இயங்கும் மென்பொருட்கும் உரியதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம்; திருத்தலாம்; பிறர்க்கும் வழங்கலாம். இத்தகையவற்றுட் பல, ஒருவரோ இருவரோ தம் ஓய்வு நேரத்திற் செய்து உலகிற்கு ஈந்தவை. ஈவோர்க்கும் கொள்வோர்க்கும் முகமறிதல் இல்லை. ஊதியப் பேச்சு இல்லை. இருவரையும் பிணைப்பது வெளியீட்டின்மேல் நிற்கும் எண்ணே.

அவ்வெண்ணிற்குப் பொருள் வரையறுத்த நெறிகளுள் மிகப் பரவியது, கிட்ஹப் நிறுவினோருள் ஒருவராகிய டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்பது. இதன்படி எண் மூன்று உறுப்புடையது. 2.4.1 என்பதனை எடுத்துக்கொள்வோம். பிழை மட்டும் களைந்தவிடத்துக் கடையெண் ஏறி 2.4.2 ஆகும். முன்னைப் பயன் கெடாமற் புதுப் பயன் சேர்த்தவிடத்து இடையெண் ஏறி 2.5.0 ஆகும். முன்னையதை நம்பியிருந்தார் தம் வேலையை மாற்றியமைக்க நேருமாறு திருத்தியவிடத்து முதலெண் ஏறி 3.0.0 ஆகும். இவை தசமங்கள் அல்ல, ஆதலின் 1.9.0க்குப் பின் 1.10.0 வரலாம். முதலெண் 0 ஆயின், ‘இஃது உருவாகு நிலையிலுள்ளது, எதுவும் மாறலாம்’ என்பது குறிப்பு.

இந்நெறியின் அருமையை யாம் பட்டறிந்தோம். சென்ற ஆண்டு எம் வகுப்பினர் சிலர் கூடி ஒரு பழைய நூலுக்குச் சொல்லடைவு தொகுத்தோம். சொற்களை அகர நிரலில் அடுக்க, ஒருவர் தனித்திருந்து எழுதிய சிறு மென்பொருளொன்று துணையாயிற்று. இடையே அதன் புது வெளியீடு வந்தது. கடையெண் மட்டுமே ஏறியிருந்தமையின், பிழைத்திருத்தமென்று கருதி ஏற்றோம். உயிர்மெய்க்கு முன் நின்ற புள்ளியெழுத்து, புதிய வெளியீட்டிற் பின் சென்றுவிட்டது. இரு முறையும் அகராதிகளில் வழங்குவனவே. ஆயினும் எம் இரண்டு வார உழைப்பு இருவேறு நிரல்களாய்க் கலந்துபோயிற்று. நல்வேளையாகப் பழைய வெளியீடு தன் எண்ணோடு அழியாது கிடைத்தது, அதனைக்கொண்டு சீர்செய்தோம். கைம்மாறு கருதாது ஈந்த அவ்வாசிரியர்மேல் எமக்குச் சினம் இல்லை. ஆயினும் அவர் முதலெண்ணை ஏற்றியிருப்பின், எண்ணைக் கண்ட அளவிலேயே எச்சரிக்கை பெற்றிருப்போம் அன்றோ?

ஆதலிற் சிறு மென்பொருள் செய்வார் கைக்கொள்ளத்தக்கன சில உள. வெளியீடுதோறும் மாற்றக் குறிப்பு எழுதுக. அது பயன்கொள்வார்க்கு உரியதாதலின், ‘சில திருத்தங்கள் செய்யப்பட்டன’ என்பது போதாது. கிட் போன்ற பதிவேட்டில், அவ்வெண் எந்த நிலைக்குரியதென்று குறி பொறித்து வைக்க. வெளியிட்ட ஒன்றை அதே எண்ணின்கீழ் மாற்றற்க. பிழை காணின் புது எண் தருக. ஒரு பயனை நீக்கக் கருதின், முந்திய வெளியீட்டிலேயே அதனை அறிவித்து, அடுத்த முதலெண்ணில் நீக்குக.

‘சிறியதொன்றிற்கு இத்துணை முறை எதற்கு?’ என்பார்க்கு இரு நிகழ்ச்சிகள் விடை கூறும். 2016இல் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்தினின்றும் நீக்கிக்கொண்டார். அதனைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கு இடையூறு நேர்ந்தது. 2024இல், ‘எக்ஸ்இசட்’ என்னும் சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளிற் கள்ள வழியொன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதனைத் தூண்டும் கூறு, பலருங் காணும் மூலப்பதிவில் இன்றி, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. முன்னதில் நம்பியது மறைந்தது. பின்னதிற் காட்டியது வேறு, கொடுத்தது வேறாயிற்று. மூலப்பதிவிலிருந்து எவரும் அதே பொதியை ஆக்கிப் பார்க்குமாறு வெளியிடுதல் இத்தகைய வஞ்சத்திற்கு ஒரு காப்பாகும்.

முடித்தலும் ஓர் ஒழுக்கமே. டொனால்ட் குனூத் என்னும் அறிஞர், தாம் ஆக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருட்கு இனிப் புதுப் பயன் சேர்ப்பதில்லையென 1990இல் அறிவித்தார். அதன்பின் பிழை களையுந்தோறும் அதன் எண், வட்டத்திற்குரிய ‘பை’ என்னும் மதிப்பை ஓரிலக்கம் நெருங்குகின்றது, 2021இல் 3.141592653 ஆயிற்று. தமக்குப் பின் அவ்வெண் ‘பை’ என்றே நிலைத்து, மாற்றம் ஒழிய வேண்டுமென்பது அவர் விருப்பம்.

எம் உடன்மாணவருள் நிரல் எழுதிப் பொதுவில் வைப்போர் பலராகி வருகின்றனர். அவர்தம் எண்ணை நம்பி, முகமறியாத ஒருவர் எங்கோ இருந்து தம் உழைப்பைத் தொடங்குவார். அவரை நினைந்து எண் இடுவாராக.