வழுக்காத பிடி

வழவழப்பு எல்லா இடத்திலும் அழகல்ல. அம்மி தேய்ந்து வழவழத்துப் போனால், மறுபடி கொத்தி வைத்தால்தான் மிளகாய் அரைபடும். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியின் பிடியையும் இப்படிக் 'கொத்தி'க் கொள்கிறார்கள் என்பது, டெக்ஸாஸில் மகள் வீட்டில் தங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிறவள். அவளுடைய துப்பாக்கியின் பிடி பிளாஸ்டிக். இந்த வகையைப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக். அதற்கு முன் அவர் செய்தவற்றில் ஒன்று திரைச்சீலைக் கம்பி! 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பிளாஸ்டிக் என்றால் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் டெக்ஸாஸ் வெயிலில் வியர்த்த கைக்கு வழுக்குமே!

அவள் முதலில் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் பழகிக்கொண்டாள். பிறகு தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கழற்றி, பிடியுள்ள பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். டேப் ஒட்டி எல்லை கட்டினாள். புகை ஆகாது என்று ஜன்னல்களைத் திறந்தாள். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் பற்றவைப்பாரே, அந்தச் சூட்டுக்கோலின் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். தொட்ட இடமெல்லாம் சிறு குழி, சுற்றிலும் சொரசொரப்பு. புள்ளிக் கோலம் போடுகிற நிதானம் வேண்டும்.

கோலமானால் அழித்துப் போடலாம். இதில் உருகியது உருகியதுதான். ஆழமாகப் போனால் பிடியின் பலம் குறையும். வரிசை எண் பொறித்த தகட்டைத் தொடவே கூடாது. அதை அழிப்பது அங்கே குற்றம். கம்பெனியின் உத்தரவாதமும் போய்விடலாம். சொரசொரப்பு மிஞ்சினால், இடுப்பில் செருகும்போது தோலை உராயும். இத்தனை தொல்லை வேண்டாதவர்கள் உப்புத்தாள் மாதிரியான பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். சிறிய கைக்காரர்களுக்காக, பிடியின் பின்பக்கத்தை மாற்றிக்கொள்ளும்படியும் சில துப்பாக்கிகள் வருகின்றன.

எல்லாம் சரி, என் பேத்தி அந்த வீட்டுக்கு விளையாடப் போகிறவளாயிற்றே! மனத்தில் வைத்துக் குமையாமல் கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரிக்குள் சுவரோடு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினாள். எண்களை வரிசையாக அழுத்தினால்தான் திறக்கும்.

"குண்டு எங்கே போகிறது என்பதற்கு நான்தானே பொறுப்பு? கை வழுக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடு" என்றாள்.

அவள் கைக்கென்று செய்த பிடிதான். ஆனால் குழந்தையின் பிஞ்சுக் கைக்கும் அது வழுக்காதே! அதனால் பேத்தியை அனுப்புமுன், "பெட்டி பூட்டியிருக்கிறதா?" என்று போனில் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள்.