ஒரு சின்னச் செய்தி... ஆறு வருட உழைப்பு... ஹோல்கோம்ப் ஊரை உலகறியச் செய்த புத்தகம்!

கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமை வயல்கள். நேர்கோடாக ஓடும் தண்டவாளம். அதன் ஓரத்தில் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் தானியக் கிடங்குகள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், மேற்கு ஓரமாக இருக்கும் ஹோல்கோம்ப் ஊரில் கண்ணில் படுபவை இவைதான். இங்கே மலையோ, அருவியோ, கோட்டையோ கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை வெறும் 2,245.

ஆனாலும் இந்த ஊரைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். காரணம், 1966-ல் வெளிவந்த ஒரு புத்தகம். ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்ட் பிளட்'. உண்மைக் குற்றச் சம்பவங்களைப் புத்தகமாக எழுத ஆசைப்படுகிறவர்கள் இன்றும் முதலில் புரட்டிப் பார்க்கும் புத்தகங்களில் ஒன்று. அது எழுதப்பட்ட கதையும், அதனால் இந்த ஊர் சுமந்த பாரமும் புத்தகத்தைவிடப் பெரியவை.

கதவு பூட்டாத ஊர்

1959-ல் ஹோல்கோம்பில் வசித்தவர்கள் சுமார் 270 பேர். ஊருக்கு வெளியே 'ரிவர் வேலி ஃபார்ம்' என்ற பண்ணை. உரிமையாளர் ஹெர்ப் க்ளட்டர், வயது 48. கோதுமை விவசாயிகளின் அமைப்பில் முன்னின்று உழைத்தவர். அதிபர் ஐசனோவர் காலத்தில் மத்திய அரசின் விவசாயக் கடன் வாரியத்துக்கு நியமிக்கப்பட்டவர். மனைவி பானி. மூத்த மகள்கள் இருவரும் வெளியூரில் இருக்க, வீட்டில் இருந்தவர்கள் 16 வயது நான்சியும் 15 வயது கென்யனும்.

நவம்பர் 15 அதிகாலை அந்த நால்வரும் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளான ரிச்சர்ட் ஹிக்காக்கும் பெர்ரி ஸ்மித்தும் சிறையிலிருந்து பரோலில் வந்தவர்கள். 'அந்த வீட்டில் ஒரு பெட்டகம் இருக்கிறது, அதில் 10,000 டாலர் இருக்கும்' என்று சிறையில் உடனிருந்த ஒருவர் சொன்னதை நம்பி, 400 மைலுக்கு மேல் கார் ஓட்டி வந்திருந்தார்கள். வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. பெட்டகமும் இருக்கவில்லை. க்ளட்டர் எல்லாவற்றுக்கும் காசோலை கொடுப்பவர். அவர்களுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவான பணம், ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர்.

அதுவரை கதவைப் பூட்டாமல் தூங்கிய ஊர், அன்று முதல் பூட்டு வாங்கி மாட்டியது. கொன்றது யாரென்று தெரியாத அந்த வாரங்களில், பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

பேப்பரில் வந்த சின்னச் செய்தி

மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் உள்பக்கத்தில் இந்தக் கொலைகள் பற்றி ஒரு சிறிய செய்தி வந்தது. அதைப் படித்த கபோட்டிக்கு அப்போது வயது 35. ஏற்கெனவே பெயர்பெற்ற நாவலாசிரியர். குற்றச் சம்பவத்தைப் பற்றி அதுவரை ஒரு புத்தகம்கூட எழுதியதில்லை. 'நியூயார்க்கர்' இதழுக்காக அவர் முதலில் திட்டமிட்டது ஒரு கட்டுரை. கொலையாளி யார் என்பதல்ல அதன் கேள்வி. இப்படி ஒரு கொலை ஒரு சின்ன ஊரை என்ன செய்கிறது என்பதுதான்.

டிசம்பரில் கன்சாஸுக்குக் கிளம்பியவர், சிறுவயதுத் தோழி ஒருவரையும் துணைக்கு அழைத்துப்போனார். அவர் ஹார்ப்பர் லீ. அலபாமாவின் மன்ரோவில் ஊரில் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எழுதி முடித்துவிட்டு, அது அச்சாவதற்காக லீ காத்திருந்த நேரம் அது.

கீச்சுக்குரலும் விநோதமான உடையுமாக வந்திறங்கிய நியூயார்க்காரரிடம் விவசாயிகள் யாரும் எளிதில் வாய் திறக்கவில்லை. கதவுகளைத் திறந்தவர் லீதான். இயல்பாகப் பேசினார், சமையலறையில் உட்கார்ந்து பெண்களோடு பழகினார். க்ளட்டர் குடும்பச் சொத்துகளைக் கவனித்த வழக்கறிஞரின் வீட்டில் இருவருக்கும் கிறிஸ்துமஸ் விருந்து கிடைத்தது. அதன் பிறகு ஊரே அவர்களை வீட்டுக்கு அழைத்தது.

குறிப்பேடு, டேப் ரிக்கார்டர் எதையும் கபோட்டி வெளியே எடுப்பதில்லை. எழுதுவதைப் பார்த்தால் மனிதர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கேட்டதையெல்லாம் நினைவில் ஏற்றிக்கொண்டு, அறைக்குத் திரும்பியதும் இருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லீ தட்டச்சு செய்து கொடுத்த குறிப்புகளே சுமார் 150 பக்கங்கள்.

முடிவுக்காகக் காத்திருந்த புத்தகம்

டிசம்பர் 30 அன்று லாஸ் வேகாஸில் இருவரும் பிடிபட்டார்கள். 1960 மார்ச்சில், பக்கத்து நகரமான கார்டன் சிட்டியின் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ஜூரிகள் முடிவுக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 40 நிமிடங்கள். தீர்ப்பு, மரண தண்டனை.

ஆனால் மேல்முறையீடுகள் நீண்டுகொண்டே போயின. சிறைக்குப் போய் இருவரிடமும், குறிப்பாக ஸ்மித்திடம் நெருங்கிப் பழகிய கபோட்டி, புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதிவிட்டார். மிச்சம் இருந்தது முடிவு மட்டுமே. நண்பர்களாகிவிட்ட இருவர் தூக்கிலேறினால்தான் புத்தகம் முடியும் என்ற நிலை. 1965 ஏப்ரல் 14 அன்று தண்டனை நிறைவேறியபோது அவரும் அங்கே இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 'நியூயார்க்க'ரில் நான்கு பகுதிகளாகத் தொடர் வந்தது. அடுத்த ஜனவரியில் புத்தகம் வெளியாகி, பணமும் புகழும் கொட்டின.

லீயின் பெயர் சமர்ப்பணப் பக்கத்தில், இன்னொருவர் பெயரோடு சேர்ந்து வந்தது. அவர் செய்த வேலைக்கு அது போதாது என்று நினைப்பவர்கள் பலர். கபோட்டி அதற்குப் பிறகு ஒரு நாவலைக்கூட எழுதி முடிக்கவில்லை. 1984-ல் 59 வயதில் இறந்தார்.

எல்லாம் உண்மைதானா?

புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்று கபோட்டி சொல்லிவந்தார். ஆனால் கடைசிக் காட்சியே கற்பனை. விசாரணை அதிகாரி ஆல்வின் டூயி, கல்லறைத் தோட்டத்தில் நான்சியின் தோழியைச் சந்திப்பதாக வரும் அந்தக் காட்சி நடக்கவே இல்லை. சிறைக் கைதி துப்பு கொடுத்ததும் போலீஸ் அன்றே ஹிக்காக்கின் பெற்றோர் வீட்டுக்குப் போனதாகப் புத்தகம் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஆவணங்களோ, போவதற்குச் சில நாள்கள் ஆனதாகக் காட்டின. பானியை நோயாளியாகவே சித்திரித்ததையும் உறவினர்கள் மறுத்தார்கள்.

ஊர்க்காரர்களின் பெரிய வருத்தம் வேறு. ஊரைப் பற்றி எழுத வந்தவர், கடைசியில் கொலையாளிகளைப் பற்றி எழுதிவிட்டுப் போனார் என்பதுதான் அது. ஸ்மித்தின் குழந்தைப்பருவம் வாசகர்களுக்கு அத்துப்படி. கென்யன் என்றொரு சிறுவன் இருந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1967-ல் வந்த திரைப்படம், கொலை நடந்த அதே வீட்டில் படமாக்கப்பட்டது. ஊருக்கு அது இன்னொரு காயம்.

போனால் என்ன பார்க்கலாம்?

விச்சிட்டா நகரிலிருந்து மேற்கே காரில் சுமார் மூன்றரை மணி நேரத்தில் கார்டன் சிட்டி வரும். விசாரணை நடந்த நீதிமன்றக் கட்டடம் இன்றும் அங்கே இருக்கிறது. அதே நகரின் 'வேலி வியூ' கல்லறைத் தோட்டத்தில், மரங்களின் நிழலில் நால்வரும் அடுத்தடுத்து உறங்குகிறார்கள்.

அங்கிருந்து ஏழு மைல் போனால் ஹோல்கோம்ப். க்ளட்டரின் வீடு தனியார் சொத்து. உள்ளே போக முயற்சி செய்யாமல், சாலையோடு திரும்பிவிடுவதே மரியாதை. போக வேண்டிய இடம் ஊர்ப் பூங்கா. 2009 செப்டம்பரில், சம்பவம் நடந்து 50 ஆண்டுகள் நிறைவடையவிருந்த நேரத்தில், க்ளட்டர் குடும்பத்துக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அந்த நால்வரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்வதற்காகவே ஊர் வைத்த சின்னம் அது.

குற்றக் கதை எழுத நினைப்பவர்களுக்கு ஹோல்கோம்ப் இரண்டு பாடங்களையும் சேர்த்தே தருகிறது. நேரில் போக வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பேசுகிறவரின் வீட்டுச் சமையலறைவரை நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். இதைக் கபோட்டியிடமும் லீயிடமும் கற்கலாம். இறந்தவர்களும் மனிதர்களாகவே பக்கங்களில் இடம்பெற வேண்டும். நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள அந்தப் பூங்காவில் பத்து நிமிடம் நின்றால் போதும்.